உள்சுவரில் ஈரம்

ஜூன் 8, ஞாயிறு

வீடு கிடைத்துவிட்டது. கோயம்புத்தூர் கணபதியில், கீழ்ப்போர்ஷன். ஒரு கூடம், ஒரு படுக்கையறை, சமையலறை, பின்பக்கம் குளியலறை. மாடியில் ஹவுஸ் ஓனர் ருக்மணியம்மா. அறுபது வயதிருக்கும். தனியாக இருக்கிறார். கணவர் ஆறுச்சாமி புனேயில் மகனோடு இருக்கிறாராம்.

இதுவரை பார்த்த எல்லா வீட்டிலும் முதல் கேள்வி ஒன்றுதான். ஃபேமிலியா, பேச்சிலரா? கல்யாணம் ஆகிவிட்டது, மனைவி ஊரில் இருக்கிறாள், வீடு பார்த்ததும் வருவாள் என்றால் யாரும் நம்பவில்லை. ஒருவர் கல்யாண ஃபோட்டோ கேட்டார். காட்டினேன். அதில் நானும் செண்பகமும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறோம். "இவிங்க உங்க சம்சாரந்தானுங்களா?" என்றார். அந்த வீடு வேண்டாம் என்று இறங்கி வந்துவிட்டேன்.

ருக்மணியம்மா ஃபோட்டோ கேட்கவில்லை. எப்போது வருவாள் என்று மட்டும் கேட்டார். ஆனி முடிவதற்குள் என்றேன். காரணம் இருக்கிறது. முதல் ஆடிக்குப் புதுப்பெண் அம்மா வீட்டில்தான் இருக்க வேண்டும். செண்பகம் சித்திரையிலிருந்தே கோவில்பட்டியில் அவள் அம்மா வீட்டில்தான் இருக்கிறாள். ஆடியும் அங்கேயே பிறந்துவிட்டால், அதற்குப் பிறகு என்ன சொல்லி அழைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

கடைசியாக அவள் சொன்னது: முதலில் ஒரு வீடு பாருங்கள், பிறகு பேசலாம். பார்த்தாயிற்று.

ஜூன் 9, திங்கள்

பால் காய்ச்சாமல் குடிவரக் கூடாது என்று ருக்மணியம்மா பிடிவாதம். பொங்கி வழியவும் வேண்டுமாம். அடுப்பை நிறுத்தக் கை போனபோது "விடுங்க தம்பி, வழியட்டும்" என்று தடுத்துவிட்டார். வழிந்தது. பர்னர் ஓட்டையெல்லாம் அடைத்துக்கொண்டது. ஊசி வைத்துக் குத்தி எடுத்ததில் காலை முழுவதும் போயிற்று.

ஜூன் 11, புதன்

படுக்கையறையில் பெயிண்ட் வாசனை. மற்ற அறைகளில் இல்லை. ஏன் இந்த அறைக்கு மட்டும் புதுப் பெயிண்ட்?

கூடத்துக்கும் படுக்கையறைக்கும் நடுவிலுள்ள சுவர், மேல்மூலை. விரல் வைத்து அழுத்தினால் பெயிண்ட் தோல்போல அசைகிறது. ஊசியால் குத்தினேன். தண்ணீர் வந்தது.

வெளிச்சுவர் என்றால் மழை என்று சொல்லலாம். இது உள்சுவர். இதற்குள் குழாய் ஓடவில்லை; குளியலறையும் சமையலறையும் பின்பக்கம். அப்படியென்றால் தண்ணீர் எங்கிருந்து?

ஜூன் 13, வெள்ளி

இந்த மாதம் முழுக்க செகண்ட் ஷிப்ட், மதியம்தான் போக வேண்டும். காலையில் சுவரைப் பார்க்க நேரம் இருக்கிறது.

பாலிதீன் தாளைச் சுவரில் வைத்து நாலு பக்கமும் டேப் ஒட்டினேன். அறைக்காற்றின் ஈரம் என்றால் தாளின் வெளிப்பக்கம் வியர்க்கும். சுவருக்குள்ளிருந்து வந்தால் உள்பக்கம் வியர்க்கும். உள்பக்கம்தான் வியர்த்தது. தாள் உப்பி நிற்கிறது.

ருக்மணியம்மாவைக் கேட்டேன். "பழைய வூடுங்க தம்பி, அப்பிடித்தான்" என்று கேட்டை நோக்கிப் போய்விட்டார். தெரிந்தேதான் பெயிண்ட் அடித்திருக்கிறார். குறையை மறைத்துப் பொருளைத் தள்ளிவிடுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. நான் வேலை பார்ப்பது பம்ப் கம்பெனியில், டெஸ்டிங் செக்ஷனில். ஓடாததை ஓடாது என்று எழுதுவதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

ஈரம் இருந்தால் பூஞ்சை வரும். செண்பகத்துக்கு வீசிங் உண்டு. கல்யாணத்துக்குப் பிறகுதான் எனக்குத் தெரியும். அதைப் பற்றி நான் கேட்டதில்தான் பிரச்சினை. கேட்ட இடமும் விதமும் சரியில்லை என்று மச்சினன் சொன்னான். கேள்வியில் என்ன விதம் வேண்டியிருக்கிறது?

ஜூன் 15, ஞாயிறு

நேற்று நல்ல மழை. சுவரில் மாற்றம் இல்லை. இன்று வெயில். பதினோரு மணி வாக்கில் ஈரம் கூடியது. மாலையில் குறைந்தது. மழைக்கு அசையாத சுவர் வெயிலில் ஏன் நனைகிறது?

செண்பகத்துக்கு வாட்ஸப்பில் கூடம், சமையலறை, குளியலறை ஃபோட்டோ அனுப்பினேன். 'பெட்ரூம்?' என்று கேட்டாள். லைட் சரியில்லை, பிறகு அனுப்புகிறேன் என்றேன். லைட் உண்மையிலேயே சரியில்லைதான்.

ஜூன் 17, செவ்வாய்

மாடிப்படி வெளியே இருக்கிறது. படியில் நின்று டேப் பிடித்து, ஜன்னல்களை வைத்துக் கணக்குப் போட்டேன். என் படுக்கையறைக்கு நேர்மேலே இருப்பது அவர்களுடைய முன்பக்க அறை. தெருவைப் பார்த்த ஜன்னல். அங்கே குழாயும் கிடையாது, தொட்டியும் கிடையாது. அந்த ஜன்னலில் மட்டும் எப்போதும் திரை.

ருக்மணியம்மா பையோடு வந்து படியின் கீழே நின்றார். ரேஷன் கடைக்குக் கிளம்பியிருக்கிறார்.

"என்னுங் தம்பி, வூட்டை அளக்கறீங்க? வாங்கப் போறீங்களா?"

"தண்ணி எங்கேருந்து வருதுன்னு பார்க்கிறேன்."

"பாருங்க பாருங்க" என்று சொல்லிவிட்டு, நான் இறங்கும்வரை அங்கேயே நின்றார்.

இன்னொன்று. அவர் கடைக்குப் போன பிறகு மேலே டிவி ஓடியது. மறந்து போயிருப்பார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் செய்தி கிரிக்கெட்டாக மாறியது. பிறகு மறுபடி செய்தி.

சேனல் தானாக மாறாது.

ஜூன் 20, வெள்ளி

தனியாக இருப்பவர் மொட்டைமாடியில் காயப்போடும் துணி: சேலை ஒன்று, கிழித்த வேட்டித் துண்டுகள் ஒரு கொடி நிறைய. வேட்டி கட்ட ஆள் இல்லாத வீடு. இவ்வளவு துணியால் எதைத் துடைக்கிறார்?

காலையில் மேலே சேர் இழுக்கும் சத்தம், பக்கெட் வைக்கும் சத்தம். அதற்குக் கொஞ்சநேரம் கழித்துத்தான் சுவர் நனைகிறது. இனி ஊகம் போதும். டெஸ்ட் செய்ய வேண்டும்.

ஜூன் 22, ஞாயிறு

தண்ணீரின் பாதையைக் கண்டுபிடிக்க அதில் சாயம் கலப்பது வழக்கமான முறை. கம்பெனியில் அதற்கென்று சாயம் இருக்கிறது, ஆனால் குடித்தனத் தண்ணீரில் அதைக் கலக்க முடியாது. கேசரிப் பவுடர் சாப்பிடுகிற பொருள். தீங்கில்லை.

மளிகைக் கடைக்காரர், கேட்ட பாக்கெட்டுகளை எண்ணி வைத்துவிட்டு, கல்யாண ஆர்டரா என்றார். சுவருக்கு என்றேன். அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை.

மொட்டைமாடியில் இரண்டு தண்ணீர்த் தொட்டிகள். சின்னது எனக்கு, பெரியது அவர்களுக்கு. ருக்மணியம்மா சந்தைக்குப் போனதும் பக்கெட்டில் கரைத்துக்கொண்டு போய்ப் பெரிய தொட்டியில் ஊற்றினேன். அவர்கள் சமையலுக்கு எடுப்பது கீழ்க்குழாயில் வரும் நல்ல தண்ணீர். மேல்தொட்டியில் இருப்பது போர் தண்ணீர், குளிக்கவும் துவைக்கவும் மட்டும். எல்லாம் யோசித்துத்தான் செய்தேன்.

அனுமதி கேட்கவில்லை. கேட்டிருந்தால் கிடைத்திருக்காது.

ஜூன் 23, திங்கள்

ரிசல்ட் வந்தது. பதினோரு மணிக்குப் பிறகு, சுவர் மேல்மூலையில் மெல்லிய ஆரஞ்சுக் கோடு. மேலே முன்பக்க அறையின் தரையில் யாரோ தண்ணீர் கொட்டுகிறார்கள். சந்தேகமே இல்லை. சந்தோஷத்தில் ஃபோட்டோ எடுத்துக்கொண்டிருந்தபோது கதவு இடிபட்டது.

ருக்மணியம்மா. சேலை முழங்கால்வரை நனைந்திருந்தது. உள்ளங்கை இரண்டும் ஆரஞ்சு.

"ஏனுங் தம்பி, தொட்டியில என்னத்தப் போட்டீங்க?"

"கேசரிப் பவுடர்."

பொய் சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பார் போல. எதற்கு என்றார். உங்கள் தண்ணீர் என் சுவருக்கு வருகிறதா என்று பார்க்க என்றேன். சுவரைக் கையால் காட்டினேன். அவர் பார்க்கவில்லை.

"சோப்புப் போட்டும் போக மாட்டீங்குது. மனுசனச் சாமியாராட்டம் ஆக்கிப்போட்டீங்களே. நெஞ்சு, முதுகு, தலமுடியெல்லாம் காவி. அதப் பாத்து அவரு..."

அங்கே நிறுத்திவிட்டார்.

"யாரு?" என்றேன்.

ருக்மணியம்மா நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தேன். நல்ல தண்ணீர்தானே என்று முகர்ந்து பார்த்துவிட்டுக் குடித்தார்.

ஆறுச்சாமி புனேக்குப் போகவே இல்லையாம். பக்கவாதம் வந்து வலதுபக்கம் விழுந்துவிட்டது. பேச்சு குழறும். தெரு நலச்சங்கத்துக்கு நெடுநாள் தலைவராக இருந்தவர். ஒரு குரல் கொடுத்தால் தெருமுனைவரை கேட்குமாம். இந்த நிலையில் தன்னை ஒருவரும் பார்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். அதனால் அவர் ஊரில் இல்லை. குளியலறை வாசல் குறுகல், குறுக்கே உயரமான படி. சக்கரம் வைத்த சேர் உள்ளே போகாது. தூக்க இவருக்குத் தெம்பில்லை. எனவே மழையில்லாத நாட்களில் அறையிலேயே உட்காரவைத்துக் குளிப்பாட்டி, துணியால் துடைத்தெடுக்கிறார். முன்னால் இருந்த குடித்தனக்காரர்களும் ஈரம் என்றுதான் காலி செய்திருக்கிறார்கள். ரிப்பேருக்கு ஆள் கூப்பிட்டால் அந்த அறைக்குள் வருவார்கள். அதனால் ஒவ்வொரு முறையும் பெயிண்ட்.

"அப்படின்னா வாடகைக்கு விடாம இருந்திருக்கலாமே" என்றேன்.

"கீழ ஒரு சத்தமும் இல்லீன்னா எனக்குப் பயமா இருக்குதுங்க தம்பி" என்றார்.

ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டேன். நேரம் ஆகவில்லை.

ஜூன் 24, செவ்வாய்

மேலே போனேன். ருக்மணியம்மா வேண்டாம் வேண்டாம் என்று படிவரைக்கும் வந்து நின்றார். போகத்தான் வேண்டும். தரையைப் பார்க்காமல் எப்படிச் சரிசெய்வது?

ஆறுச்சாமி கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பெரிய உடம்பு. வெள்ளை மீசை வெளிர் ஆரஞ்சாக இருந்தது. என்னைப் பார்த்ததும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். நலம் விசாரிக்க வரவில்லை, கீழே குடியிருக்கிறேன், உங்கள் தரையால் என் சுவர் நனைகிறது என்று சொன்னேன்.

வாசலில் ருக்மணியம்மா தலையில் கைவைத்துக்கொண்டது தெரிந்தது.

மெதுவாகத் திரும்பினார். ஒவ்வொரு சொல்லாக வந்தது. "வந்து... எத்தன... நாளாச்சு?"

"ரெண்டு வாரம்."

"கொற சொல்ல... இப்பத்தான்... வர்றியா?"

உங்களை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று கண்டுபிடிக்கத்தான் இத்தனை நாள் ஆனது என்றேன். தொண்டையில் ஏதோ சத்தம் வந்தது. இருமல் என்று நினைத்தேன். முகத்தின் ஒரு பக்கம் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தது.

குளியலறை வாசலை அகலப்படுத்தி, படியை உடைத்துச் சரிவாக்கினால் சேரைத் தள்ளிக்கொண்டே உள்ளே போகலாம் என்று விளக்கினேன். கொத்தனார் வரவேண்டியிருக்கும். கொத்தனார் என்றதும் தலையை இடமும் வலமும் ஆட்டினார். ஆட்டிக்கொண்டே இருந்தார். அப்படியென்றால் நான் காலி செய்ய வேண்டியதுதான், என் மனைவி ஈரத்தில் இருக்க முடியாது என்றேன்.

"பொண்டாட்டி... எங்க?"

"அவங்க அம்மா வீட்டுல."

"சண்டையா?"

"இல்ல. ஒரு கேள்வி கேட்டேன்."

ரிமோட்டை எடுத்து டிவி சத்தத்தைக் குறைத்தார்.

"இப்பிடித்தான்... கேட்டியா? எங்கிட்ட... கேக்கற மாதிரி?"

நான் குளியலறை வாசலை அளக்கப் போய்விட்டேன்.

ஜூன் 26, வியாழன்

கொத்தனார் வரலாம் என்று மேலேயிருந்து உத்தரவு. ருக்மணியம்மா வந்து சொன்னார். ஒரு நிபந்தனை: மீசையில் நிறம் போன பிறகுதான்.

ஜூலை 2, புதன்

உடைப்பு தொடங்கியது. கீழே என் சமையலறையிலும் தூசி, ரசத்திலும் தூசி. கொத்தனார் படியை உடைத்துக்கொண்டிருக்கும்போது கட்டிலிலிருந்து ஆறுச்சாமி ஏதோ சொல்ல, கொத்தனாருக்குப் புரியவில்லை. மூன்றாவது முறை கத்தினார். எதிர்வீட்டுக்காரர் கேட்டுக்கு வந்து, "தலைவர் சத்தமாட்ட இருக்குதே, ஊர்லருந்து எப்ப வந்தாரு?" என்று கேட்டார். ருக்மணியம்மா என்னைப் பார்த்தார். எனக்குப் பொய் வராது. காலையில் என்றும் வராது, நேற்று என்றும் வராது. அதனால் அவரே, "வந்துட்டாருங்க" என்றார்.

எதிர்வீட்டுக்காரர் மேலே ஏறவில்லை. கீழே நின்றே, தெருவிளக்கு எரியாததைப் பற்றி ஜன்னலைப் பார்த்து ஒரு புகார் சொல்லிவிட்டுப் போனார்.

ஜூலை 7, திங்கள்

சேர் உள்ளே போகிறது. சரிவு சரியாக இருக்கிறது. பக்கெட் தண்ணீரை ஊற்றிப் பார்த்தேன், ஒரு சொட்டு வெளியே வரவில்லை. இன்று பதினோரு மணிக்குச் சுவரில் புது ஈரம் இல்லை.

ஆனால் பழைய ஈரம் இருக்கிறது. பூச்சைச் சுரண்டிப் பார்த்தேன், செங்கல்வரை ஊறியிருக்கிறது. ஃபேன் போட்டு, ஜன்னல் திறந்து வைத்தாலும் காய ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். ஆனி முடிய ஒன்பது நாள்.

ஜூலை 9, புதன்

ருக்மணியம்மா சொல்கிறார்: "பெயிண்ட் ஒரு கோட்டு அடிச்சுப்போட்டாத் தெரியாதுங்க தம்பி. ஆனிக்குள்ள கூட்டீட்டு வந்துருங்க. வந்துட்டாங்கன்னா அப்பறம் எங்க போகப் போறாங்க?"

அதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஈரம் இனி ஏறாது, இறங்கத்தான் செய்யும். பூஞ்சை நாற்றம் பெயிண்ட் வாசனையில் தெரியாது. கட்டிலை எதிர்ச்சுவர்ப் பக்கமாகப் போட்டுவிடலாம்.

ஜூலை 11, வெள்ளி

பெயிண்ட் வாங்கி வந்தேன். பிரஷும்.

செண்பகத்தின் அம்மா ஃபோன் செய்தார். ஆடிக்கு அழைப்பு, சீர் என்று சுற்றி வளைத்துப் பேசிவிட்டு, திங்கட்கிழமை நல்ல நாள், அன்று வந்து கூட்டிக்கொண்டு போவதாக இருந்தால் சரி, இல்லையென்றால் ஆடியில் பெண்ணை அனுப்ப முடியாது, அப்புறம் அவள் மாமா என்ன சொல்வாரோ தெரியாது என்றார். மாமா என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும்: பெண்ணை இனி அனுப்பவே வேண்டாம் என்பார்.

ஜூலை 12, சனி

டப்பாவைத் திறந்து கலக்கினேன். மூடி வைத்துவிட்டேன். ஸ்டூல் ஆடுகிறது.

ஜூலை 13, ஞாயிறு

ஸ்டூல் ஆடவில்லை. அது சும்மா எழுதியது.

காலையில் செண்பகத்தைக் கூப்பிட்டேன். சுவரைப் பற்றி முழுவதும் சொன்னேன். ஈரம், பெயிண்ட், சாயம், மேலே இருப்பவர், கொத்தனார், காயாத செங்கல். படுக்கையறை ஃபோட்டோவும் அனுப்பினேன், லைட்டைப் போட்டு எடுத்தது. இப்போது வந்தால் உனக்கு இழுக்கும், திங்கட்கிழமை வர வேண்டாம் என்றேன்.

லைன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன். பிறகு கேட்டாள், பெயிண்ட் அடித்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்காதே என்று.

"கண்ணுக்குத் தெரிஞ்சிருக்காது. மூச்சுக்குத் தெரிஞ்சிருக்கும்" என்றேன்.

"அன்னைக்கு உங்க அம்மா, சித்தி எல்லாரும் இருக்கையில என்ன சொன்னீக? ஞாபகம் இருக்கா?"

இருக்கிறது. இந்த டைரியில் அதை எழுதவில்லை.

"காயில் எரிஞ்சுபோன பழைய மோட்டாருக்குப் பெயிண்ட் அடிச்சு நம்ம தலையில கட்டிட்டாகளான்னு கேட்டீக. உங்க சித்தி சிரிச்சாக. நான் உள்ள இன்ஹேலரத் தேடிக்கிட்டு இருந்தேன்."

அவர்கள் தெருவில் காய்கறி வண்டிக்காரர் கத்திக்கொண்டு போவது கேட்டது. அது போய் முடிந்த பிறகு, "அந்தத் தாத்தாவுக்கு இப்ப பாத்ரூம்லயே குளிக்க முடியுதா?" என்று கேட்டாள். முடிகிறது என்றேன். சரி என்று வைத்துவிட்டாள்.

அவள் குரலில் கோபம் இருந்ததா இல்லையா என்று என்னால் சொல்ல முடியவில்லை. அதை அளக்க எனக்குத் தெரிந்த கருவி எதுவும் இல்லை.

ஜூலை 14, திங்கள்

நல்ல நாள். நான் போகவில்லை. பெயிண்ட் டப்பாவை ருக்மணியம்மா கேட்டுக்கு அடிக்க வாங்கிக்கொண்டார்.

ஜூலை 17, வியாழன்

ஆடி பிறந்துவிட்டது.

ஷிப்ட் முடிந்து வந்து சுவரின் பூச்சைக் கீழ்வரை கொத்தி எடுத்தேன். செங்கல் வெளியே தெரிந்தால் சீக்கிரம் காயும்.

ஜூலை 19, சனி

மாலையில் செண்பகத்திடமிருந்து ஃபோன். நான் ஹலோ சொல்வதற்குள், "இன்னைக்குச் சுவர் எப்பிடி இருக்கு?" என்றாள். மேல்வரிசைச் செங்கல் நிறம் வெளுத்திருக்கிறது, கீழே இன்னும் கறுப்பு என்றேன். சரி என்று வைத்துவிட்டாள்.

ஜூலை 20, ஞாயிறு

அதே கேள்வி. அதே பதில். ஆனால் உடனே வைக்கவில்லை. ஈரத்தில் எதனால் இழுக்கிறது, வெறும் தண்ணீரால் ஏன் இழுப்பதில்லை என்று கேட்டாள். பூஞ்சையின் தூள் என்று விளக்கினேன். டாக்டரே இதைச் சொன்னதில்லை என்றாள். உனக்கு எப்போதெல்லாம் வரும் என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. அவள் சொன்னால் சொல்லட்டும்.

ஜூலை 23, புதன்

ஃபோன் இல்லை. சுவரில் மாற்றமும் இல்லை. மேலே போய் ஆறுச்சாமியோடு கிரிக்கெட் பார்த்தேன். தோற்கிற பக்கத்தைத் திட்டுவதற்கு அவருக்குப் பேச்சு தெளிவாக வருகிறது.

ஜூலை 24, வியாழன்

எட்டு மணிக்குக் கூப்பிட்டாள். நான் சுவரைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். அவள் இடைமறித்தாள்.

"நேத்துக் கூப்பிடல. சாயங்காலம் இழுத்துச்சு. பக்கத்து வீட்டுல மெத்தைய ஒதறுனாக. ரெண்டு தடவ அடிச்சேன், இன்ஹேலர். ராத்திரி நல்லாத் தூங்கினேன்."

இதுவரை அவளாகச் சொன்னதே இல்லை. நானாகத்தான் கண்டுபிடித்தேன், ஒவ்வொரு தடவையும்.

இன்று எப்படி என்றேன். படியேறும்போது மட்டும் கொஞ்சம் என்றாள். குறித்துக்கொண்டேன்.

ஜூலை 29, செவ்வாய்

சுவர்: மூன்று வரிசை காய்ந்துவிட்டது.

செண்பகம்: காலை இல்லை, மாலை இல்லை. மழை வந்தபோது லேசாக.

ஆவணியில் முதல் முகூர்த்த நாளில் தானே பஸ் ஏறி வருவதாகவும், என் வீட்டிலும் அவள் வீட்டிலும் நான்தான் சொல்ல வேண்டும் என்றும் சொன்னாள். எப்படிச் சொல்லட்டும் என்று கேட்டேன்.

"கொஞ்சம் யோசிச்சுச் சொல்லுங்க" என்றாள்.

யோசித்துக்கொண்டிருக்கிறேன்.